ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர் நிழல்

மே பதினான்கு, புதன்கிழமை. பகல் 1.10.

டிரங்குப் பெட்டியைத் திறந்த ரிஞ்சு, மூடியைப் பிடித்த கையோடு அப்படியே குந்திவிட்டாள். உள்ளே அளவுச் சங்கிலி இருந்தது, திசைகாட்டி இருந்தது, நூல்கண்டு இருந்தது. லெவல் புக் இல்லை.

"சங்கரி, நீ எடுத்தியா?" என்றாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சிவசங்கரி ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடி வந்தாள். பெட்டியைக் கவிழ்த்தாள், பாய்களை உதறினாள், பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டாள். அவள் சும்மாவே காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கல்லூரிக்கு வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டேதான் வருவாள். இப்போது கேட்கவே வேண்டாம்.

காணாமல் போனது உள்ளங்கை அகலத்தில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. வெளியாருக்கு அது குப்பை. பாலக்காட்டுக் கல்லூரியின் பி.ஏ. புவியியல் மூன்றாமாண்டு மாணவர்கள் பன்னிரண்டு பேருக்கு அதுதான் உயிர். ஜனவரியில் நடக்கவேண்டிய களமுகாம், தேர்வுகள் தள்ளிப்போனதால் மே மாதத்துக்கு வந்து, உடும்பஞ்சோலை தேவாலயத்தின் ஹாலில் நடந்துகொண்டிருந்தது. தேவாலய வாசல் கல்லில் ஆரம்பித்து, ஏலக்காடுகளைச் சுற்றி, அதே கல்லுக்குத் திரும்பி வரும் வழி நெடுக நிலத்தின் உயரத்தை அளக்கவேண்டும். பூபதிராஜா லெவல் கருவியில் கண்ணை வைத்து எண்ணைச் சொல்வான். சிவசங்கரி எதிரே, ஸ்டாஃப் என்கிற அளவுக்கம்பைப் பிடித்து நிற்பாள். ரிஞ்சு எழுதுவாள். புறப்பட்ட கல்லின் உயரமும் திரும்பிவந்த உயரமும் ஒன்றானால் வேலை சுத்தம். அந்தக் கணக்கை இன்று மாலை சுப்பராமன் சார் போட்டுப் பார்ப்பதாக இருந்தது. அதற்குள் நோட்டே இல்லை.

1.40. சுப்பராமன் சார் விசாரணையைத் தொடங்கினார். கல்பாத்திக்காரர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், சந்தைகளின் புவியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"கடைசியா நோட்டைப் பார்த்தது யார்?"

"நாந்தான் சார். பத்தே முக்காலுக்குப் பெட்டியில வச்சேன்."

"பெட்டிக்குப் பூட்டு?"

"இல்ல சார். ஹாலுக்குத் தாழ்ப்பாள் மட்டும் போட்டோம்."

பதினோரு மணிக்கு சார் பத்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக் கணக்கெடுப்புக்குப் போனார். சிவசங்கரியும் அந்தக் கூட்டத்தில்தான். ஆக, பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை தனியாக இருந்த மாணவர்கள் இரண்டே பேர். இருவருக்கும் ஒரே வேலை: ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, உச்சிவேளையில் அதன் நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் என்று குறிப்பது. ரிஞ்சுவின் குச்சி கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால், ஹாலிலிருந்து இருநூறு தப்படி தூரம். பூபதியின் குச்சி புல்மேட்டு உச்சியில், ஏறவே நாற்பது நிமிஷம்.

மாணவர்கள் தவிர இன்னும் இரண்டு பேர். ஜீப் ஓட்டும் ஜோபி பத்து மணிக்கே போடிமெட்டுக்குப் போய், செக்போஸ்ட்டில் 12.10 என்று எழுதிக்கொடுத்த சீட்டோடு திரும்பியிருந்தான். சமையலுக்கு இருதயம்மாள், ஹாலின் பின்கட்டில்.

"யாராவது உள்ளே வந்தாளா?" என்று சார் அவளைக் கேட்டார்.

"நா அடுப்படியில நின்னேன் சார், பாக்கல. ஒரு பன்னண்டு மணிக்கு முன்வாசல்ல தாழ்ப்பா சத்தம் கேட்டுச்சு. இந்தப் பிள்ளதான் தண்ணி குடிக்க வந்திருக்கும்னு நெனச்சேன்." இருதயம்மாள் ரிஞ்சுவைக் கைகாட்டிவிட்டு, காட்டியது தப்போ என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் வரவே இல்ல சார்," என்றாள் ரிஞ்சு. "குச்சியை விட்டு நகரல."

செல்போன் படம் எடுத்திருந்தால் தொல்லையே இல்லை. ஆனால் முகாமில் காலையிலேயே எல்லாப் போன்களையும் சார் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவார். போனைப் பார்த்துத் திசை சொல்பவன் புவியியல் படித்தவன் இல்லை என்பது அவர் கொள்கை. கையில் கடிகாரம், பையில் நோட்டு, அவ்வளவுதான்.

எல்லாப் பைகளையும் கொட்டிப் பார்த்தார்கள். அழுக்குத் துணியும் அட்டைக்கடிக்கு வைத்திருந்த உப்புப் பொட்டலமும்தான் விழுந்தன.

2.30. "நிழல் கணக்கைக் கொண்டு வாங்கோ, ரெண்டு பேரும்," என்றார் சார்.

பூபதியின் தாள் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. கட்டம் போட்டு, தலைப்புக்கு அடிக்கோடு இட்டு, மிகக் குட்டை நிழல் 59 சென்டிமீட்டர், நேரம் 12.31, பக்கம் வடக்கு. ரிஞ்சுவின் தாளில் சேறு, விரல் ரேகை, மூன்று அடித்தல். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை அளந்து எழுதியிருந்தாள். மிகக் குட்டை நிழல் 15 சென்டிமீட்டர், நேரம் 12.18, பக்கம் தெற்கு.

பூபதி எட்டிப் பார்த்தான். சித்தூர்ப் பையன், மூன்று வருஷமும் வகுப்பில் முதல். சிவசங்கரி வரும் பஸ்ஸில்தான் அவனும் வருவான். அவள் எழுதாத நோட்ஸெல்லாம் அவனிடமிருந்துதான் வாங்கி எழுதியிருக்கிறாள்.

"சார், சொல்றனேன்னு தப்பா நெனைக்காதீங்க. நாம இருக்கறது வடகோளமுங்க. உச்சியில சூரியன் தெக்க நிக்கும், நெழலு வடக்க விழுகும். எட்டாங்கிளாஸ் பாடமுங்க அது. தெக்கன்னு எழுதியிருக்குதுன்னா..." அவன் முடிக்கவில்லை. நல்ல பிள்ளை, முடிக்காமல் விட்டுவிட்டான்.

சார் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். இருபத்திரண்டு முகாம்கள் நடத்தியவர். இந்த மலையில் நிழல் வடக்கே விழுந்துதான் அவர் பார்த்திருக்கிறார்.

"ரிஞ்சு, நீ குச்சிகிட்ட இருக்கல்லே. அளக்காம எழுதிட்டே, அதுவும் தப்பா எழுதிட்டே. புக்கில என்ன குளறுபடி பண்ணி வச்சிருந்தயோ, சாயங்காலம் கணக்குப் போட்டா தெரிஞ்சுடும்னு பயந்து ஒளிச்சுட்டே. சரிதானே?"

"இல்ல சார். குச்சி நிழல் எங்க விழுந்துச்சோ அங்கதான் சார் எழுதினேன்."

"நாளைக்கு ஒரு மணி வரைக்கும் டைம் தரேன். புக் வரல்லேன்னா ஜோபி உன்னை நெடுங்கண்டம் பஸ்ஸில ஏத்தி விடுவான். கேம்ப் மார்க் பூஜ்யம் ஆக்கும்."

கேம்ப் மார்க் பூஜ்யம் என்றால் இந்த வருஷம் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் திருநெல்வேலியில் தொலையுணர்வு எம்.எஸ்ஸி.க்குக் கிடைத்திருந்த இடமும் போச்சு. ஏலப்பாறை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து அந்தப் படிப்புக்குப் போகும் முதல் ஆள் ரிஞ்சு. தேயிலை கிள்ளும் அவள் அம்மா, சேர்க்கைக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

மாலை 5.15. சிவசங்கரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஹாலுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் பதினோரு முறை நடந்துவிட்டாள். ரிஞ்சு திருடமாட்டாள் என்று மனசு சொன்னது. மனசு சொன்னதை சாரிடம் சாட்சியாகக் கொண்டுபோக முடியாது.

அளவுக்கம்பைத் துடைத்து வைப்பது அவள் வேலை. அலுமினியக் கம்பு. நான்கு துண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கும். முழுக்க இறக்கினால் அவள் தோளுக்கு வரும். இன்று நெற்றிக்கு வந்தது. மேல் துண்டைக் குத்திப் பார்த்தாள், இறங்க மறுத்தது. சேறு அடைத்திருக்கும் என்று வராந்தாவிலேயே சாத்தினாள்.

அந்தக் கம்பைத் தொட்டாலே அவளுக்கு நேற்றைய ஞாபகம்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை. மூடுபனி, எதிரே நீட்டிய கை தெரியாத வெள்ளை. பனிக்குள்ளிருந்து பூபதியின் குரல் மட்டும் "ஆச்சு, அடுத்தது" என்று கேட்கும். அவள் கம்பைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். காலெல்லாம் அட்டை. வேலை ஒன்பதரைக்கே முடிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். அதில் ஏதோ ஒன்று பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது. என்னவென்று பார்க்க அவள் அப்போது விரும்பவில்லை.

வியாழன் பகல் 11.50.

ரிஞ்சு பையைக் கட்டி வாசல்படியில் வைத்துவிட்டாள். அழுது முடித்த முகம். "விடு புள்ள, அலையாத. எங்கம்மாட்ட நானே சொல்லிக்கிடுதேன்," என்றாள்.

சிவசங்கரி தேவாலயத்தைச் சுற்றி நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாவது சுற்றில், ஃபாதரின் நாய் மேல் இடறி விழப்பார்த்தாள். சுவரோரம் மூன்றடி அகல நிழலில் கால்நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

நாலு எட்டு வைத்த பிறகுதான் அவள் நின்றாள். திரும்பி வந்தாள்.

முதல் நாளே இந்தத் தேவாலயத்துக்கு வரைபடம் போட்டவர்கள் அவர்கள். இது தெற்குச் சுவர். உச்சிவேளையில் தெற்குச் சுவரோரம் நிழல். நாய்க்கு எட்டாங்கிளாஸ் பாடம் தெரியாது. நிழல் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் படுத்திருக்கிறது.

அவள் ஓடினாள். செய்முறைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சூரியன் எந்தத் தேதியில் எந்த அட்சரேகைக்கு நேர்மேலே நிற்கும், உச்சிவேளை எத்தனை நிமிஷம் முன்பின்னாகும் என்ற அட்டவணை இருக்கிறது. விரலை வைத்துத் தேடினாள். மே பதினான்கு: வடக்கே பதினெட்டரைப் பாகைக்குக் கொஞ்சம் மேலே. உடும்பஞ்சோலை பத்துப் பாகை. பிறகு ஐம்பத்தொன்பதை எடுத்துக்கொண்டு தலைகீழாகக் கணக்குப் போட்டாள். பென்சில் முனை இரண்டு முறை முறிந்தது.

12.09. "சார், அஞ்சு நிமிசம் வெளிய வாங்க. எல்லாத்தையும் கூப்புடுங்க. பூபதி, நீயும் வா."

"என்ன கூத்து இது?"

"கூத்தில்லீங்க. குச்சிதானுங்க."

தேவாலய முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டாள். தூக்குநூல் பிடித்துச் செங்குத்தா என்று பார்த்தாள். திசைகாட்டி வைத்து வடக்கே ஒரு கோடு, தெற்கே ஒரு கோடு கிழித்தாள். நிமிர்ந்தபோது வெயில் போய்விட்டது. போடிமெட்டுப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து சூரியனை மூடியிருந்தது.

12.13. குச்சிக்கு நிழலே இல்லை. ஜோபி ஜீப்பைத் துடைத்து முடித்துவிட்டான். பூபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"சங்கரி, உனக்கென்ன ஆச்சு? வெய்யில்ல அலஞ்சு அலஞ்சு..."

"இரு."

12.16. மேகம் நகரவில்லை. அவள் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டாள்.

12.18. முற்றத்தின் மேல்கோடியில் வெயில் விழுந்தது. கல்லறைச் சிலுவைகள், இருதயம்மாளின் கொடித்துணி, ஜீப்பின் மூக்கு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து, கடைசியில் குச்சியைத் தொட்டது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு நிழல். தெற்குக் கோட்டின் மேல்.

ரிஞ்சுதான் முதலில் குனிந்தாள். ஸ்கேலை வைத்தாள். "பதினஞ்சரை," என்றாள். பிறகு, "நேத்து பதினஞ்சு சார். ஒரு நாளைக்கு அர சென்டிமீட்டர் கூடுது போல," என்றாள்.

சுப்பராமன் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"சூரியன் இப்ப நமக்கு வடக்க நிக்குதுங்க சார்," என்றாள் சிவசங்கரி. "ஏப்ரல் நடுவுல நம்ம தலைக்கு மேல வந்துட்டு, வடக்க தாண்டிப் போயிருச்சு. திரும்பி வரதுக்கு ஆகஸ்ட் கடைசி ஆகும். அதுவரைக்கும் உச்சி நெழலு தெக்கதான் விழுகும். வடகோளம்னு சொல்றது கடகரேகைக்கு அந்தப்பக்கம் இருக்கறவிங்களுக்குச் செரி. நமக்குச் செரியில்லீங்க."

"எனக்குத் தெரியாதா அது? வருஷா வருஷம் பாடம் எடுக்கறேனே. ஆனா கேம்ப் எப்பவும் ஜனவரியில ஆக்கும். கண்ணு பழகிப்போச்சு." அவர் குரல் இறங்கிவிட்டது.

"பழகுனது உங்க கண்ணு மட்டுமில்லீங்க. பூபதி எழுதுன நெழலு பொய் இல்லீங்க சார். நெசமாலுமே விழுந்த நெழலு. நேத்து விழுகல, அவ்வளவுதான்." அவள் பூபதியைப் பார்க்காமல் தாளை நீட்டினாள். "ஐம்பத்தொம்பது சென்டிமீட்டர் வடக்க விழுகோணும்னா, வருசத்துல ரெண்டே தடவதானுங்க. நவம்பர் கடைசி வாரம், இல்லாட்டி ஜனவரி நடுவுல. அதுல எதுன்னு நேரம் சொல்லிருச்சு. நவம்பர்ல இங்க உச்சி பன்னண்டு எட்டுக்கே வந்துரும். பன்னண்டு முப்பத்தொண்ணுன்னா ஜனவரி பதினெட்டு, ஒரு நாள் முன்னப்பின்ன. போன வருசக் கேம்ப் என்னைக்குங்க சார்?"

"பதினாறுலேர்ந்து இருபது," என்றார் சார்.

சீனியரின் ரெக்கார்டை வாங்கி, தேதியை மாற்றி எழுதுவது எல்லாத் துறையிலும் நடப்பதுதான். வேதியியல்காரன் செய்தால் யாருக்கும் தெரியாது. உப்பு எந்த மாதத்திலும் உப்புதான். புவியியல்காரன் சூரியனைக் காப்பி அடிக்கக் கூடாது.

"நான் மேட்டுக்கு ஏறுனேன். குச்சி சாஞ்சுபோச்சு, அதான் பழச..." என்றான் பூபதி.

"ஏறியிருந்தா உன்ற நெழலே சொல்லியிருக்கும், எந்தப்பக்கம்னு. நீ ஏறல. பன்னண்டு மணிக்குத் தாழ்ப்பாளத் தொறந்தது நீ. நோட்ட வெளிய கொண்டுபோனா பையச் சோதிப்பாங்கன்னு தெரியும்." அவள் வராந்தாவுக்குப் போய் அளவுக்கம்பைத் தூக்கி வந்தாள். பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "முந்தாநேத்து வரைக்கும் இது என்ற தோளுக்கு. இப்ப பாருங்க."

கம்பைத் தலைகீழாக்கி அடிமூடியைத் திருகினாள். நீல அட்டை சுருண்டு எட்டிப் பார்த்தது.

ரிஞ்சு நோட்டை வாங்கி, குழந்தைக்குத் தலை தடவுவது போல அட்டையை நீவினாள். சார் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பினார். பதினோரு எண்கள், எல்லாம் சீராக. வலது ஓரம் ரிமார்க்ஸ் கட்டம் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். ரிஞ்சு விடமாட்டாள். பதினோரு வரிக்கும் எழுதியிருந்தாள்: "மூடுபனி. எனக்கு ஸ்டாஃப் தெரியலை. பூபதி வாசித்தபடி."

"தெரியாத ஸ்டாஃபை நீ எப்படிடா வாசிச்சே?"

பூபதி தரையைப் பார்த்தான். "ஒரு நாள்தானுங்க சார். பனி விலகற வரைக்கும் நிக்க முடியல. குத்துமதிப்பா சொல்லிட்டேன். கணக்கு ஒத்து வராதுன்னு நேத்துத்தான் ஒறச்சுது. புக்குல அவ இத வேற எழுதி வச்சிருந்தா." பிறகு, "கிழிச்சுப் போட்றலாம்னுதான் எடுத்தேன். நாலு நாள் ஒழப்பு, கிழிக்கக் கை வரல," என்றான்.

"ரிஞ்சுவை வீட்டுக்கு அனுப்பறதுக்கு மட்டும் கை வந்துதாக்கும்," என்றார் சார். அப்புறம் ரிஞ்சுவின் பக்கம் திரும்பினார். "நீ கண்டதை எழுதினே. நான் கண்ணிருந்தும் பார்க்கல்லே. மன்னிச்சுக்கோ மோளே."

ஒரு மணிக்கு ஜீப் சொன்னபடியே புறப்பட்டது. பின்சீட்டில் பூபதி உட்கார்ந்திருந்தான். சிவசங்கரிக்குச் சந்தோஷமாக இல்லை. ஜீப் வளைவில் மறைந்ததும் சாரிடம் போனாள்.

"சார், இன்னொண்ணுங்க. அந்தப் பனியில கம்பப் புடிச்சது நானுங்க. எனக்குக் கருவி தெரியல. அவனுக்குக் கம்பு தெரிஞ்சிருக்காதுன்னு எனக்குத் தெரியும். அட்டக்கடிக்குப் பயந்துக்கிட்டு வாயத் தொறக்கல. அன்னைக்கே சொல்லியிருந்தா இது எதுவும் நடந்திருக்காதுங்க."

சார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அஞ்சு மார்க் குறைப்பேன்," என்றார். "செவ்வாய்க்கிழமை லைனை நாளைக்குத் திரும்ப எடுக்கணும்."

"செரிங்க சார்."

வெள்ளிக்கிழமை காலை 7.20. ஏலக்காட்டுக்குள் மூடுபனி இறங்கியிருந்தது. நாற்பது தப்படி தூரத்தில், வெள்ளைக்குள் எங்கேயோ, ரிஞ்சு கருவியில் கண்ணை வைத்து நின்றாள்.

"ஒண்ணும் தெரியல," என்று அவள் குரல் வந்தது. "பனி போற வரைக்கும் நிக்கணும். ஆடாம நில்லு புள்ள."

முழங்காலில் ஒன்று, கெண்டைக்காலில் ஒன்று என்று அட்டைகள் ஏறின. சிவசங்கரி குனியவில்லை, உதறவில்லை. கம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நாற்பத்தைந்து நிமிஷம் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"தெரியுது," என்றாள் ரிஞ்சு. "ஒண்ணு புள்ளி நாலு ஏழு."